அடைக்கலநாதனும் நீல பியூஸும்

குருநகர் அடைக்கலநாதன் நாற்பத்துமூன்று வயதுவரை மூடி திறந்து பார்த்த எஞ்சின் ஒன்றே ஒன்றுதான். மீன்பிடி வள்ளத்தின் பின்பக்கம் தொங்குகிற எஞ்சின். கயிற்றைச் சுண்டி இழுத்தால் ஓடும். ஓடாவிட்டால் பிளக்கைக் கழற்றித் துடைத்து, நாலு கெட்ட வார்த்தை சொல்லி, மறுபடி இழுத்தால் ஓடும். அதற்குள் எத்தனை வயர் என்று கேட்டால் எண்ணிக் காட்ட ஒரு கை விரல்களே போதும். யுத்தத்தால் கடலுக்குப் போகக்கூடாது என்று தடை வந்ததும் அந்த எஞ்சினைச் சாக்கில் சுற்றி வீட்டு மூலையில் நிறுத்திவிட்டு, மனுசன் இரண்டு வருடம் சும்மா இருந்தார். சும்மா இருந்தார் என்று சொல்வதும் பிழை. மனைவி கத்தரீனாவோடு சண்டை பிடித்துக்கொண்டு இருந்தார்.

தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு தொடக்கத்தில் ஒரு வெளிநாட்டுத் தொண்டு நிறுவனம் திரும்பிப் போகும்போது தன் பிக்கப்பைக் குருநகர்க் கத்தோலிக்கக் கோயில் பங்குக்குக் கொடுத்துவிட்டுப் போனது. பிக்கப் என்றால் ஏதோ சின்னச் சாமான் என்று நினைக்கக்கூடாது. நாலு கதவு, இடுப்பளவு உயரத்தில் டயர், பின்னால் ஒரு குடும்பம் படுத்தெழும்பக்கூடிய தட்டு. ஒன்றரைத் தொன் கோதுமை மாவை ஏற்றினாலும் அசையாது. அகதி முகாம்களுக்கு மா கொண்டுபோவது, திரும்பி வரும்போது வருத்தக்காரரை யாழ்ப்பாணப் பெரியாஸ்பத்திரிக்கு ஏற்றி வருவது, இதுதான் அதற்கு வேலை. வாலிபத்தில் மீன் லொறி ஓட்டிய லைசன்ஸ் அடைக்கலநாதனிடம் இருந்தது. பங்குச் சபை பிக்கப்பின் திறப்புக் கொத்தை அவர் கையில் கொடுத்தது.

மூன்றாம் நாளே வைப்பர் நின்றுவிட்டது. காரணம் தேடிக் குனிந்தவர், ஸ்டியரிங்குக்குக் கீழே முழங்கால் இடிக்கிற இடத்தில் ஒரு கறுப்பு மூடியைக் கண்டார். நகத்தால் நெம்ப, அது கையோடு கழன்று வந்தது. உள்ளே பார்த்தவர் பார்த்தபடியே இருந்துவிட்டார்.

வரிசை வரிசையாகச் சின்னச் சின்ன நிறங்கள். சிவப்பு, நீலம், மஞ்சள், பச்சை. ஒவ்வொன்றின் தலையிலும் ஓர் எண். சிவப்பென்றால் பத்து, நீலம் பதினைந்து, மஞ்சள் இருபது, பச்சை முப்பது. மொத்தம் பதினாலு. பொனற்றைத் தூக்கிப் பார்த்தால் பற்றரிக்குப் பக்கத்தில் இன்னொரு பெட்டி, அதற்குள் எட்டு. ஒன்றை இழுத்துக் கையில் எடுத்தார். இரண்டு தட்டைக் கால், நடுவில் மயிர்போல ஒரு கம்பி, அந்தக் கம்பியைப் பார்ப்பதற்கென்றே கண்ணாடிபோல ஓர் உடம்பு. வைப்பருக்குரியதில் மட்டும் அந்தக் கம்பி நடுவில் அறுந்து கருகி இருந்தது. வைப்பர் மோட்டரைக் கழற்றினால் உள்ளே மணல் இறுகிக் கிடந்தது. சுற்ற முடியாத மோட்டர் கரண்டை அளவுக்கு மிஞ்சி இழுத்திருக்கிறது. மோட்டரும் எரியாமல் வயரும் எரியாமல் இந்த விரல்நுனிச் சாமான் தான் அறுந்து எல்லாவற்றையும் காப்பாற்றியிருக்கிறது.

கோயில் வளவுப் பூவரசுக்குக் கீழே சாரத்தை மடித்துக் குந்தியபடி, கருகிய பியூஸை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பிடித்துப் பார்த்தார். சாப்பாடு கொண்டுவந்த கத்தரீனாவைக்கூடக் கவனிக்கவில்லை.

"கத்தரீனா, உதைப் பார். வாகனத்தைச் செய்யேக்கையே, முதல் சாகிறதுக்கெண்டு ஒருத்தனைச் செய்து வைச்சிருக்கிறாங்கள். மற்றவையெல்லாம் தப்பட்டும் எண்டு. ஆர் யோசிச்சிருப்பான் இதை?"

"எங்கடை வீட்டிலை அது நான்தான்," என்றாள் கத்தரீனா. "சோறு ஆறுது, சாப்பிடுங்கோ."

மனுசனுக்குச் சோறு இறங்கினால்தானே. தண்டு வலிப்பவன் களைத்தால் வள்ளமே நிற்கும். இங்கே ஒருவன் செத்தால் அவனுக்குரிய ஒரு வேலை மட்டும் நிற்கிறது, மற்ற இருபத்தொரு பேரும் தங்கள் பாட்டில் இருக்கிறார்கள். இவ்வளவு பெரிய இரும்பு மாட்டின் உயிரெல்லாம் இந்த மிட்டாய்த் துண்டுகளில் அடங்கியிருப்பதை நினைக்க நினைக்க அவருக்கு உடம்பு சிலிர்த்தது.

மூடியில் எது எதற்குரியது என்று குறித்திருந்தது. ஊதுகுழல் படம் போட்டது ஹோர்ன், விளக்குப் படம் போட்டது லைற். ஆனால் பாதிக்குமேல் வெறும் இங்கிலிஸ் எழுத்து, அதுவும் தேய்ந்தது. அடைக்கலநாதனுக்கு எண் தெரியும், தமிழ் தெரியும், இங்கிலிஸ் தெரியாது. யாரையும் கேட்கவும் ரோசம் விடவில்லை. ஒரு ஞாயிறு பூசை முடிந்ததும் கத்தரீனாவை ட்ரைவர் ஆசனத்தில் ஏற்றி இருத்தினார். எஞ்சினை ஓடவிட்டு, எல்லா விளக்கையும் போட்டு, பியூஸை ஒவ்வொன்றாகக் கழற்றத் தொடங்கினார்.

"இப்ப என்ன செத்தது?"

"வலப்பக்கத்து லைற்."

திருப்பிக் குத்தினார். அடுத்தது.

"இப்ப?"

"ஒண்டும் சாகேல்லை. பொறுங்கோ, ஹோர்ன் அடிச்சுப் பாக்கிறன். ஓம், ஹோர்ன் செத்துப்போச்சு."

மாப் பெட்டி மட்டையில் கரிக்கோலால் எழுதிக்கொண்டே போனார். வலை எவருடையது என்று தெரிய நிற நூல் கட்டுகிற ஊர்ப் பழக்கத்தில், ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு நைலோன் நூலும் முடிச்சுப் போட்டார். பொனற்றுக்குக் கீழுள்ள பெட்டியில் மூன்றாவது, ஒரு நீலம். அதை இழுத்ததும் எஞ்சின் சட்டென்று நின்றது.

"என்ன செய்தனீங்கள்?" என்று உள்ளிருந்து சத்தம் வந்தது.

"ஒண்டும் செய்யேல்லை. இதைக் கழட்டினன்."

குத்தி, ஸ்ராட் எடுத்து, திரும்ப இழுத்தார். நின்றது. மூன்று முறை செய்தார், மூன்று முறையும் நின்றது. வயரைப் பிடித்துக்கொண்டே போனால், எஞ்சினுக்கு எண்ணெய் போகிற வழியில் ஒரு சின்ன வால்வ். கரண்ட் வந்தால் 'டிக்' என்று திறக்கிறது, கரண்ட் போனால் பொத்திக்கொள்கிறது. டீசல் எஞ்சின் ஓடத் தொடங்கினால் பற்றரியைக் கழற்றி எறிந்தாலும் நிற்காது என்றுதான் யாழ்ப்பாணம் முழுக்கச் சொல்வார்கள். இந்த பிக்கப் அப்படி இல்லை. அடைக்கலநாதன் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார். மட்டையில் அந்த இடத்துக்கு நேரே வேறு பெயர் எழுதத் தோன்றவில்லை. 'உயிர்' என்று எழுதினார்.

இனி நடந்தது குருநகர் ஆட்களுக்கு மட்டுமே நடக்கக்கூடியது. அங்கே புது எஞ்சின் வாங்கினால் பங்குச் சுவாமியார் வந்து மந்திரித்துத் தீர்த்தம் தெளிக்கவேண்டும். அதுவும் எஞ்சின் மூடியைக் கழற்றி வைத்துவிட்டு, வெறும் மேனியில் தெளிக்கவேண்டும். மூடிக்கு மேலே தெளித்தால் மூடிக்குத்தான் ஆசீர்வாதம் என்பது ஊர் நம்பிக்கை. கோயில் பெருநாளன்று பிக்கப்புக்கும் அப்படியே நடந்தது. செபநாயகம் சுவாமி வந்தார். பொனற் திறந்து இருந்தது. சுவாமியார் செம்பைத் தூக்கியதும், அடைக்கலநாதன் ஓடிப்போய்ப் பற்றரிப் பக்கத்துப் பெட்டியின் மூடியையும் கழற்றினார்.

"சுவாமி, இதுக்குத்தான் முக்கியமாய் வேணும். இதுக்குள்ளைதான் எல்லாம் கிடக்குது."

சுவாமியாரும் கையால் அள்ளித் தெளிக்காமல் செம்பைச் சரித்து ஊற்றினார். அவர் பழைய காலத்து ஆள். முறைப்படி மந்திரித்த உப்பைக் கொஞ்சமும் குறைவைக்காமல் தீர்த்தத்தில் போடுகிறவர். எல்லோரும் 'ஆமென்' சொன்னார்கள். அடைக்கலநாதன் பயபக்தியோடு மூடியைத் திரும்ப மூடினார்.

ஏழெட்டு மாதம் ஒரு குறையும் இல்லை. பிறகுதான் பிக்கப்புக்கு வலிப்பு வரத் தொடங்கியது. நல்லாக ஓடிக்கொண்டிருக்கும், ரோட்டில் பள்ளம் விழுந்த ஒரு கிடங்கில் விழுந்து எழும்பினால் மூச்சு நின்றுவிடும். கொஞ்ச நேரம் தட்டிக் கொட்டினால் திரும்ப ஓடும். சுன்னாகத்தில் கராஜ் வைத்திருந்த தேவராசா பார்த்தார்.

"மண்ணெண்ணெயிலை ஓடுற டீசல் எஞ்சின் நிக்காமல் என்ன செய்யும்?" என்றார். பொருளாதாரத் தடையால் டீசலைக் கண்ணால் காணாத காலம் அது. மண்ணெண்ணெயில் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் கலந்துதான் எல்லாம் ஓடின. தேவராசா சொன்னதில் நியாயம் இருந்தது. எண்ணெய்க் குழாயை மூன்று முறை கழற்றி ஊதினார்கள். பிக்கப் நாலாம் முறையும் நின்றது.

அடைக்கலநாதன் 'உயிரை'ச் சந்தேகப்படாமல் இல்லை. இரண்டு தரம் கழற்றிப் பார்த்தார். கண்ணாடி உடம்புக்குள் கம்பியை மட்டும்தான் பார்த்தார், அது முழுசாக இருந்தது. திரும்பக் குத்தினார், எஞ்சின் ஓடியது. அப்படியென்றால் அதில் பிழை இல்லை என்று முடிவு கட்டினார். கழற்றிக் குத்தியதால்தான் ஓடியது என்பது அந்த மனுசனின் மண்டைக்கு எட்டவில்லை. என்னத்தைச் சொல்ல.

பங்குச் சபை கூடி, இன்னொரு முறை வழியில் நின்றால் வருத்தக்காரரை இதில் ஏற்றுவதில்லை, மா மட்டும்தான் என்று சொல்லிவிட்டது. அவர்களைக் குறை சொல்ல முடியாது. அடைக்கலநாதனுக்கும் அதே பயம்தான். வேலை போவதல்ல பயம். தன்னை நம்பி ஏறிய ஓர் உயிர் தன் வாகனத்துக்குள் போய்விடக்கூடாது என்ற பயம்.

அப்படியிருக்கத்தான் ஒருநாள் மத்தியானம் கரவெட்டியில் மா இறக்கிக்கொண்டு நின்றபோது, அந்தப் பகுதியில் பிரசவம் பார்க்கும் மருத்துவமாது பராசக்தி சைக்கிளை ரோட்டிலேயே போட்டுவிட்டு ஓடிவந்தார்.

"அண்ணை, பிள்ளை குறுக்கை கிடக்குது. கையை நீட்டியிட்டுது. பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவேணும். ஒரு மணித்தியாலம் தாங்கும், அதுக்கு மேலை நான் சொல்லமாட்டன்."

"மிஸி, இந்த வாகனம் வழியிலை நிக்கிற வாகனம்," என்றார் அடைக்கலநாதன். மறைக்க மனம் வரவில்லை.

"வேறை வாகனம் கிடக்குதோ?"

கிடக்கவில்லை. மீனாம்பிகை என்ற அந்தப் பெட்டையைப் பாயோடு தூக்கித் தட்டில் கிடத்தினார்கள். தலைப்பிள்ளை. புருசன் அருளம்பலம் தலைமாட்டில் ஏறிக்கொண்டான். அவள் காலடியில் மண்ணெண்ணெய்க் கேன் இரண்டு. பராசக்தி அவள் பக்கத்தில் முழங்காலில் இருந்தார்.

வல்லை வெளியைத் தெரியாதவர்களுக்குச் சொல்லவேண்டும். மரம் இல்லை, வீடு இல்லை. இரண்டு பக்கமும் உப்புப் பூத்த தரவை நிலம், நடுவில் ரோட்டு. ஆமியின் ஹெலி வந்து சுட்டால் ஓடி ஒளிக்க ஒரு பற்றைகூட இல்லாத இடம். அந்த வெளியின் நட்டநடுவில், ஒரு கிடங்கில் விழுந்து எழும்பிய பிக்கப் நின்றது.

பின்னால் மீனாம்பிகை முனகும் சத்தம் கேட்டது. எஞ்சின் இரைச்சல் நின்றதால் அது பெரிதாகக் கேட்டது. அடைக்கலநாதன் இறங்கினார். திறப்பைப் போட்டுக் காதைக் கொடுத்தார். 'டிக்' இல்லை. அப்போதுதான் அவருக்கு ஒன்று பட்டது. இவ்வளவு நாளும் நின்றபோதெல்லாம் குழாயைத் தட்டினோம், கேனைக் குலுக்கினோம். ஒருநாளாவது இந்தச் சத்தத்துக்குக் காது கொடுத்தோமா? வால்வுக்குக் கரண்ட் வரவில்லை. மண்ணெண்ணெயில் ஒரு பிழையும் இல்லை.

திறப்பைத் திருப்பி நிறுத்திவிட்டுப் பெட்டியைத் திறந்தார். நூல் கட்டிய மூன்றாவது நீலத்தை இழுத்தார். கண்ணாடிக்குள் கம்பி முழுசாகவே இருந்தது.

"அது நல்லாத்தானே கிடக்குது," என்றார், அவர் வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்ததைத் தட்டிலிருந்து எட்டிப் பார்த்த பராசக்தி.

உடம்பு நல்லாகத்தான் இருந்தது. ஒரு காலைத்தான் காணவில்லை. பொருக்காய் உதிர்ந்து, பாதிக் கால் துவாரத்துக்குள்ளேயே தங்கிவிட்டது. துவாரத்தைச் சுற்றிப் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருந்தது. அந்தப் பூப்பு அவருக்கு இருபது வருடப் பழக்கம். கடலால் வந்ததும் நல்ல தண்ணீரில் எஞ்சினைக் கழுவாமல் விட்டால் வயர் முனையெல்லாம் இப்படித்தான் பூக்கும். ஆனால் இது கடலைக் காணாத வாகனம். விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். உப்பு.

ஒரு கணம் ஒன்றும் விளங்கவில்லை. அடுத்த கணம் செபநாயகம் சுவாமியின் செம்பு கண்முன்னே சரிந்தது. மூடியைக் கழற்றிக் கொடுத்த தன் கையும் தெரிந்தது. கடல் உப்பைத் தண்ணீர் விட்டுக் கழுவி ஒரு ஆயுள் போனவன், கோயில் உப்பும் உப்புத்தான் என்பதை மறந்துவிட்டான். அந்தச் சின்னச் சாமான் எட்டு மாதத்துக்கு மேலாக அந்த உப்புக்குத் தன்னைத் தின்னக் கொடுத்துக்கொண்டே வேலை செய்திருக்கிறது. கால் போகும்வரை ஓடியிருக்கிறது. அடைக்கலநாதனுக்கு அழுகை வந்தது. வெட்கத்தாலா, அந்தச் சாமானின் விசுவாசத்தைப் பார்த்தா என்று அவருக்கே தெரியாது.

"அண்ணை, இதைச் சுத்திக் குத்துங்கோ," என்று அருளம்பலம் குதித்து இறங்கிச் சிகரட் பெட்டி ஈயத்தாளை நீட்டினான். "எல்லாரும் இப்பிடித்தானே ஓடுறாங்கள்."

உண்மைதான். பியூஸ் கிடைக்காத அந்த நாளில் முக்கால்வாசி வாகனம் ஈயத்தாளில்தான் ஓடியது. ஆனால் சுன்னாகம் சந்தைக்கு வெங்காயம் ஏற்றிப் போன வான் ஒன்று ஈயத்தாளோடு எரிந்து வெறும் கூடாய் நின்றதை அடைக்கலநாதன் பார்த்திருந்தார். அந்த ஈயத்தாள் சாகவேண்டிய நேரத்தில் சாகவில்லை. அதற்குப் பதிலாக வான் செத்தது.

"தம்பி, உன்ரை மனுசியின்ரை காலடியிலை மண்ணெண்ணெய் கிடக்குது. நான் உதைப் போடமாட்டன்," என்றார். "மிஸி, உங்கடை கொண்டை ஊசியைத் தாங்கோ."

பராசக்தியின் கை கொண்டைக்குப் போனது. உருவிக் கொடுத்தார். அடைக்கலநாதன் பற்றரிக் கம்பியைக் கழற்றி வைத்துவிட்டு, துவாரத்துக்குள் கிடந்த கால்துண்டை ஊசியால் நெம்பினார். வடக்கே எங்கேயோ ஹெலியின் சத்தம் கேட்டது. அருளம்பலம் வானத்தைப் பார்த்தான்.

"வானத்தைப் பாக்காதை. மனுசியைப் பார்," என்றார் அடைக்கலநாதன், தலை நிமிராமல்.

துண்டு வந்தது. ஊசிமுனையால் துவாரத்தின் உட்பக்கத்தைச் சுரண்டினார், குடிதண்ணீர் விட்டு அலசினார், வாயால் ஊதினார், சாரத் தலைப்பை முறுக்கிவிட்டு ஒற்றினார். மாற்றிப்போட நீலம்? மூடியில் மேலதிகமாக வைத்திருந்தவை எப்போதோ தீர்ந்துவிட்டன. மட்டையைப் பார்க்கவும் தேவைப்படவில்லை. ஸ்டியரிங்குக்குக் கீழுள்ள பெட்டியில் ஐந்தாவது இடம், நீலம், பதினைந்து. ஹோர்ன். அதே நிறம், அதே கால், அதே அளவு. ஒன்று போனால் ஒன்று வந்து நிற்கட்டும் என்று, ஆர் என்றே தெரியாத ஒருவன், எந்த ஊரிலோ இருந்துகொண்டு, இந்த வெளியையும் இந்தப் பெட்டையையும் கண்டவன்போலச் செய்து வைத்திருக்கிறான். அடைக்கலநாதன் ஹோர்னின் நீலத்தை இழுத்து 'உயிரி'ன் இடத்தில் குத்தினார். பற்றரியைப் பூட்டினார். திறப்பைப் போட்டார்.

'டிக்' என்றது. அவர் வாழ்நாளில் கேட்ட பூசை மணி ஒன்றும் அதற்கு ஈடாகாது.

ஹெலி தரவைக்கு மேலே வந்து சேரமுதலே பிக்கப் வெளியைத் தாண்டிவிட்டது. ஆனால் ஹோர்ன் இல்லை. அச்சுவேலி, புத்தூர் எல்லாம் எப்படியோ போயிற்று. நீர்வேலியில் வாழைக்குலை ஏற்றிய சைக்கிள்கள் ரோட்டை அடைத்துக்கொண்டு போயின. அடைக்கலநாதன் தலையை வெளியே நீட்டி, வள்ளத்தில் அடுத்த வள்ளக்காரனைக் கூப்பிடுகிற குரலில், "ஓ... விலகு..." என்று கத்தினார். பின்தட்டில் நின்று அருளம்பலமும் கத்தினான். நீர்வேலிச் சனம் இப்படி ஒரு ஹோர்னை முன்பின் கேட்டதில்லை. சைக்கிள்கள் இரண்டு பக்கமும் சரிந்து வழி விட்டன. கோப்பாய், இருபாலை, கல்வியங்காடு வரைக்கும் அந்த இரண்டு குரலும்தான் ஹோர்ன்.

பெரியாஸ்பத்திரியில் உடனேயே ஒப்பரேசன் அறைக்குக் கொண்டுபோனார்கள். ஒரு மணித்தியாலம் கழிந்து பராசக்தி வெளியே வந்தார். கொண்டை அவிழ்ந்து தோளில் கிடந்தது.

"பெட்டைப் பிள்ளை. தாயும் சுகம்," என்றார். பிறகு கையை நீட்டினார். "என்ரை ஊசி?"

அடைக்கலநாதன் சாரத்து மடியைத் தடவி எடுத்துக் கொடுத்தார். ஒற்றைக் கால் நீலமும் அதோடு கையில் வந்தது. அதைத் திரும்ப மடியில் முடிந்துகொண்டார்.

கதை ஊருக்குள் வருவதற்கு எவ்வளவு நேரம்? அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் பிக்கப்பைச் சுற்றிப் பங்கே கூடிவிட்டது. நன்றியாக இன்னொரு முறை மந்திரிக்கவேண்டும் என்று சபைத் தலைவரே சொன்னார். பொனற்றைத் திறந்து வைத்தாயிற்று. முன்பு பார்த்துப் பழகிய யாரோ ஒருவரின் கை பற்றரிப் பக்கத்து மூடியையும் கழற்றி வைத்துவிட்டது. செபநாயகம் சுவாமி செம்போடு வந்தார்.

தீர்த்தம் வேண்டாம் என்று சொல்லக்கூடிய வாய் குருநகரில் பிறக்கவில்லை. சொல்லாவிட்டால், இன்னும் எட்டு மாதத்தில் வேறொரு மீனாம்பிகை வேறொரு வெளியில் கிடப்பாள். கத்தரீனா அடைக்கலநாதனையே பார்த்துக்கொண்டு நின்றாள். உப்பின் கதையை வீட்டில் அவளுக்கு மட்டும் சொல்லியிருந்தார்.

அடைக்கலநாதன் முன்னால் போனார். மூடியை எடுத்து இறுக்கி மூடினார். அதற்கு மேலே இரண்டு கையையும் விரித்து வைத்துக்கொண்டு, சுவாமியார் பக்கம் தலையைச் சரித்துக் குனிந்தார்.

"சுவாமி, பெட்டிக்கு வேண்டாம். முழுக்க எனக்கு ஊத்துங்கோ. நான் கழுவினாப் போயிடும்."

சுவாமியார் மூடிய பெட்டியைப் பார்த்தார், அதன்மேல் கிடந்த கைகளைப் பார்த்தார். அந்தக் கைக்குப் பக்கத்தில், மடியிலிருந்து எடுத்து வைத்த ஒற்றைக் கால் நீலம் பச்சை பூத்துக் கிடந்தது. அதைத் தொட்டு, விரலை மெதுவாக நாக்கில் வைத்தார்.

"ஏன் எனக்கு முதலே சொல்லேல்லை, அடைக்கலம்?"

"மூடியைக் கழட்டித் தந்தது நான், சுவாமி."

சுவாமியார் செம்பைத் தூக்கி, ஒரு துளியும் வெளியே சிந்தாமல், அவர் தலையில் ஊற்றினார். தண்ணீர் நெற்றியால் இறங்கிக் கண்ணுக்குள் போய் எரித்தது, வாய்க்குள் போய்க் கரித்தது. அடைக்கலநாதன் துடைக்கவில்லை. எல்லோரும் 'ஆமென்' சொல்லி முடியும்வரை குனிந்தபடியே நின்று, பிறகு பெட்டியின் மூடியை உள்ளங்கையால் தடவிப் பார்த்தார். அது ஈரம் படாமல் காய்ந்தே கிடந்தது.